எண்ணின் இயல்பு கண்ட இராமானுசர்

கணித உலகில் தமிழகத்திற்குப் பெரும்புகழ் தேடித்தந்த இராமானுசர் 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். தாயார் பெயர் கோமளத்தம்மாள். வறுமை அக்குடும்பத்தை விட்டு அகன்றதில்லை.

இளமையிலேயே இராமானுசர் எண்களின்பால் அளவிறந்த ஈடுபாடு கொண்டார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றார், உதவித்தொகையையும் இழந்தார். தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு தம் முடிவுகள் பலவற்றைக் கேம்பிரிட்சு அறிஞர் ஹார்டிக்கு எழுதியனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி அவரை வரவழைக்க முயன்றார். கடல் கடத்தல் ஆகாது என்னும் குலவழக்கம் தடையாய் நின்றது. அதனையும் கடந்து 1914இல் இராமானுசர் இங்கிலாந்து சென்றார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் எண்களின் பிரிவினை ஒன்றாகும். போடிநாயக்கனூரை அடுத்த மலைச்சரிவுகளில் ஏலம் விளைகிறது. பொட்டிபுரத்துச் சிறுவன் ஒருவன் நான்கு ஏலக்காய்களைக் குவியல்களாகப் பிரிப்பதாகக் கொள்வோம். நான்கையும் ஒரே குவியலாக்கலாம். மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம். இரண்டும் இரண்டுமாக வைக்கலாம். இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக வைக்கலாம். தனித்தனியே நான்காகவும் வைக்கலாம். ஆக, வகைகள் ஐந்து. காய்கள் பத்தாயின் வகைகள் 42 ஆகும். நூறாயின் 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292 ஆகும். இவ்வாறு பெருகும் எண்ணிக்கையை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து அறிதல் இயலுமோ?

இவ்வெண்ணிக்கையை நேரே தரவல்ல வாய்பாடு ஒன்றினை இராமானுசரும் ஹார்டியும் வகுத்தனர். அது மெய்யாதலை எவ்வாறு அறிவது? படையில் மேசராகப் பணிபுரிந்த மக்மகன் என்னும் கணித அறிஞர், ஒன்றுமுதல் இருநூறுவரையுள்ள எண்களின் பிரிவினைகளைப் படிப்படியாகக் கூட்டியும் கழித்தும் கையாலேயே கணக்கிட்டார். இருநூறுக்கு அவர் கண்ட விடை 3,97,299 கோடியே 90 இலட்சத்து 29 ஆயிரத்து 388 ஆகும். புதிய வாய்பாட்டின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அதே எண் வந்தது. வேறுபாடு ஆயிரத்தில் நான்கு பங்கே! பதின்மூன்று இலக்கமுடைய அப்பேரெண் புதிய வாய்பாட்டிற்குச் சான்றாய் நின்றது. 1918இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. அதில் கையாண்ட முறை பின்னர் வட்டமுறை எனப் பெயர்பெற்று, வேறு பல அரிய வினாக்களுக்கும் விடைகாண உதவியது.

அவ்வாண்டிலேயே இலண்டன் இராயல் கழகம் இராமானுசரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துப் பெருமைப்படுத்தியது. ஆயினும், குளிரும் ஒவ்வாத உணவும் அவர் உடலை வாட்டின. நோயுற்று 1919இல் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் அவர் கை கணக்கெழுதுவதை நிறுத்தவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் இயற்கை எய்தினார்.

அவர் பிறந்த நாள் இன்று தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. உள்ளத்தில் தோன்றும் ஒளி ஒருவகைச் செல்வம். அதனைச் சோதித்து மெய்யென நாட்டும் உழைப்பு மற்றொரு செல்வம். இவ்விரண்டும் கூடியவிடத்தே அறிவு நிலைபெறும் என்பதை அப்பேரெண் நமக்கு உணர்த்துகிறது.