அல்லாஹ்வுக்காக ஒரு நட்பு: வள்ளல் சீதக்காதியின் வாழ்வு

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

கொல்லிமலையில் வாழும் நமக்கு வள்ளல் என்றதும் வல்வில் ஓரிதான் நினைவுக்கு வருவார். ஆடி மாதத்தில் அவருக்கு விழா நடப்பதைப் பார்க்கிறோம். தமிழ் முஸ்லிம்களிடமும் அப்படி ஒரு வள்ளல் இருந்தார். கீழக்கரை ஷைகு அப்துல் காதிர் மரைக்காயர். மக்கள் வாயில் அந்தப் பெயர்தான் சீதக்காதி ஆனது. அவருடைய கொடையை எல்லோரும் பேசுவார்கள். இன்று அவருடைய நட்பைப் பார்ப்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரும் கப்பல் வணிகர் அவர். காசு உள்ளவரைச் சுற்றிக் கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் யாரை அருகில் வைத்துக்கொண்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதலாமவர் மார்க்க மேதை ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்). வித்ரிய்யா பாமாலைக்கு அரபியில் தக்மீஸ் எழுதியவர், 1703இல் மறைந்தவர். செல்வர் ஆலிமைத் தேடிப் போய் வழி கேட்டார். மனிதன் தன் நண்பனின் வழியில் போகிறான், ஆகவே யாரை நண்பனாக்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் தோட்டத்து மிளகுக் கொடியைப் பாருங்கள். மரம் நேராக நின்றால் கொடியும் நேராக ஏறும். மரம் சாய்ந்தால் கொடியும் சாயும்.

இரண்டாமவர் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி. இவர் முஸ்லிம், அவர் இந்து மன்னர். விஜய ரகுநாத பெரியதம்பி என்ற பட்டத்தையே மன்னர் இவருக்குக் கொடுத்தார். அதற்காக இவர் தீனில் எதையும் விட்டுக் கொடுத்தாரா? இல்லை. கீழக்கரையின் பழைய கல் ஜும்ஆப் பள்ளியோடு சேர்த்துத்தான் ஊர் இவரை நினைக்கிறது. மார்க்கத்துக்காக நம்மோடு போர் செய்யாதவர்களிடம் நன்மையோடும் நீதியோடும் நடப்பதை அல்லாஹ் தடுக்கவில்லை என்கிறது சூரா மும்தஹினா. இந்த மலையில் நாம் சிறு ஜமாஅத். சந்தையிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கிற மலைவாழ் மக்களோடு நாம் பழகுவதற்கு இதில் பாடம் இருக்கிறது.

மூன்றாமவர் உமறுப் புலவர். எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாடச் சொன்னார் சீதக்காதி. செய்திகளைக் கேட்டறிய ஸதகத்துல்லாஹ் அப்பாவிடம் அனுப்பினார். அப்பா முதலில் இசையவில்லை, பிறகே இசைந்தார் என்று சொல்லப்படுகிறது. சீறாப்புராணம் வளர்ந்தது. ஆனால் அது முடியும் முன்பே சீதக்காதி மவுத்தாகிவிட்டார்.

இந்த இடத்தை யோசியுங்கள். ஆதரித்தவர் போய்விட்டார். வேலை பாதியில் நிற்கிறது. அப்போது பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். 5027 பாடல்கள் நமக்குக் கிடைத்தன. அதுவும் நபி (ஸல்) அவர்களின் முழு வாழ்வையும் எட்டவில்லை. எஞ்சியதைப் பின்னால் பனீ அஹ்மது மரைக்காயர் சின்ன சீறாவாகப் பாடினார். ஒருவருடைய நிய்யத்தைக் கை மாற்றிக் கை மாற்றிச் சுமந்திருக்கிறார்கள்.

கப்ரிலிருந்து கை நீண்டு புலவருக்கு மோதிரம் கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. அதை நாம் அகீதாவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இறந்த பிறகும் அவர் கொடுத்துக்கொண்டிருப்பது வேறு வழியில். அவர் தொடங்கிய நன்மையை மற்றவர்கள் நிறுத்தவில்லை. கதீஜா (ரலி) மறைந்த பின்பும் ஆடு அறுத்தால் அவர்களின் தோழிகளுக்கு இறைச்சி அனுப்பி வைத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

சகோதரர்களே! ஜனாஸாவில் முதல் ஸஃப்பில் நிற்கிறோம். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் கேட்கிறோம்? ஒரு முழ வேலித் தகராறுக்காக வருடக்கணக்கில் பேசாதவர்கள் தோளோடு தோள் நின்று தொழுகிறோம். மூன்று நாளுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்குவது ஆகாது என்பது நபிமொழி. மறுமையில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் பகைவராவார்கள், தக்வா உள்ளவர்களைத் தவிர என்று சூரா ஸுக்ருஃப் எச்சரிக்கிறது.

இன்று தொழுகை முடிந்ததும் செருப்பை மாட்டும் முன்பு, பேசாமல் இருப்பவரிடம் போய் முதலில் ஸலாம் சொல்லுங்கள். இறந்துபோன நண்பர் ஒருவரின் வீட்டுக்கு இந்த வாரம் போய் வாருங்கள்.

யா அல்லாஹ்! உனக்காக நேசித்து, உனக்காகவே சேர்ந்து பிரிகிறவர்களில் எங்களை ஆக்குவாயாக. மர்ஹூம்களின் பிழை பொறுத்து அவர்களின் கப்ரை விசாலமாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.