பிறருக்காக மன்றாடிய நட்டாலம் தேவசகாயம்

பாறசாலையைக் கடந்து, களியக்காவிளை வழியே தெற்கே சென்றால், மார்த்தாண்டத்துக்கு அப்பால் நட்டாலம் என்ற சிற்றூர் உள்ளது. இவ்வூரில் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, வசதியான நாயர் குடும்பத்தில் பிறந்தவர் நீலகண்டன். பின்னாளில் மறைசாட்சி தேவசகாயம் என்று போற்றப்படுபவர் இவரே.

பின்னர் திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா. இளமையில் பகைவருக்குத் தப்பி, நெய்யாற்றின்கரையில் பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தவர் என்று கூறப்படும் அதே மன்னர்தான். அவருடைய அரசில் நீலகண்டன் அலுவலர் ஆனார். பத்மநாபபுரத்தில் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது.

திடீரென்று குடும்பத்தைத் துன்பம் சூழ்ந்தது. கால்நடைகள் மடிந்தன, பொருள் அழிந்தது. மனம் சோர்ந்திருந்த அவருக்கு ஆறுதல் கூறியவர் டச்சுத் தளபதி டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தவர் அவர். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் வரலாற்றை நீலகண்டனுக்கு அவர் எடுத்துச் சொன்னார்.

அந்த வரலாற்றின் முடிவு கவனிக்கத் தக்கது. தன்னைக் குற்றவாளி என்று பழித்த நண்பர்களுக்காக யோபு மன்றாடுகிறார். அதன் பிறகே அவருடைய நிலை மாறுகிறது. நீலகண்டனின் பிற்கால வாழ்வும் இதே வழியில் அமைந்தது.

1745-ம் ஆண்டு மே 14-ந் தேதி, வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் சூட்டப்பட்டது. மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயருடன் மறையில் சேர்ந்தார். அதன் பின் தேவசகாயம் சாதி வேற்றுமை பாராமல் எல்லோருடனும் பழகினார். இது பலருக்குப் பொறுக்கவில்லை. அவர்மீது குற்றங்கள் சாட்டப்பட்டன. 1749 பிப்ரவரியில் கைதானார்.

மூன்றாண்டு சிறைவாசம் கொடுமையானது. எருமைமீது பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அடிபட்ட புண்களில் மிளகுப் பொடி தேய்த்தனர். மீண்டும் மறை மாறினால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் இசையவில்லை.

பெருவிளையில் வேப்ப மரத்தில் அவரைக் கட்டி வைத்திருந்தனர். அங்கே காவலிருந்த கொலையாளிக்குப் பிள்ளை இல்லை. விலங்கு பூட்டிய நிலையிலும் தேவசகாயம் அவனுக்காக மன்றாடினார் என்றும், அவனுக்குக் குழந்தை பிறந்தது என்றும் குமரி மாவட்ட மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தம் விடுதலைக்காக மட்டும் அவர் வேண்டியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்கள்? ஆனால் தம்மை வதைக்க வந்தவனின் வீட்டுக் குறை அவர் கண்ணில் பட்டது. அதைக் கேட்டு மக்கள் அந்த மரத்தடிக்குத் திரண்டு வந்தனர். நோயையும் துயரையும் சொல்லி வேண்டிக்கொள்ளக் கேட்டனர்.

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன் பாறைமீது முழந்தாளிட்டு செபித்தார் என்பர். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமாயிற்று.

2012 டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவர் என அறிவிக்கப்பட்டார். கருவிலேயே இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு குழந்தை, அவருடைய பரிந்துரையால் பிழைத்ததைத் திருச்சபை புதுமையாக ஏற்றது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவர்.

வேலை தேடி ஊர்விட்டு வந்தவர்களுக்கு வேண்டுதல்கள் நிறைய உண்டு. வாடகை, மகள் திருமணம், மகன் வேலை என்று பட்டியல் நீளும். அவற்றைக் கேட்பது தவறல்ல. அத்துடன் அடுத்த வீட்டு நோயாளியையும், நமக்குத் தீங்கு நினைத்தவரையும் ஒரு நிமிடம் சேர்த்துக்கொள்வதே தேவசகாயம் காட்டிய கிறிஸ்தவ வழி. விலங்கோடு இருந்தவரால் முடிந்தது நம்மால் முடியாதா?