பொறுப்பில் மலரும் தலைமை

பெங்களூரில் பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தவை அல்சூரும் அதை அடுத்துள்ள மர்பி டவுனும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இடங்கள் இவை. 1903-ஆம் ஆண்டு அல்சூர் வேதாந்த சங்கத்து அன்பர்களின் அழைப்பை ஏற்றுச் சென்னையிலிருந்து ஒரு துறவி அங்கு எழுந்தருளினார். பின்னாளில் பெங்களூரில் ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமம் தோன்ற வித்திட்டது அவ்வருகை. அந்தத் துறவியே ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி ராமகிருஷ்ணானந்தர்.

1863-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்த அவரது இளமைப் பெயர் சசிபூஷண். கணிதத்திலும் வடமொழியிலும் சிறந்து விளங்கிய கல்லூரி மாணவர் அவர். பட்டத் தேர்வு நெருங்கிய காலத்தில் குருதேவர் நோயுற்றார். சசி தேர்வைத் துறந்தார். காசிப்பூர் தோட்ட வீட்டில் இரவு பகலாகக் குருவுக்குப் பணிவிடை செய்தார். 1886-இல் குருதேவர் மகாசமாதி அடைந்தபின், சகோதரத் துறவியர் தவத்திற்கும் தீர்த்த யாத்திரைக்கும் புறப்பட்டபோது, வராகநகர் மடத்தை விட்டு நகராமல் பூஜையையும் அடுக்களையையும் தாமே தாங்கி நின்றார். மடத்தில் உணவுக்கு வழியில்லாத நாட்களில் பிச்சை ஏற்கவும் அவர் தயங்கவில்லை. தமக்கென எந்தப் பதவியும் அவர் நாடவில்லை. ஆயினும் மடம் கலையாமல் நின்றதற்கு அவரே முதன்மைக் காரணம் என்பதைச் சகோதரத் துறவியர் அனைவரும் உணர்ந்திருந்தனர்.

1897-இல் சுவாமி விவேகானந்தர் அவரைச் சென்னைக்கு அனுப்பினார். மொழியும் பழக்கவழக்கங்களும் புதியவை. தாமே சமைத்து, தாமே பூஜை செய்து, நகரின் பல பகுதிகளுக்கும் சென்று அவர் வகுப்புகள் நடத்தினார். கடும் மழையால் ஒருவரும் வராத நாளிலும், குறித்த நேரத்தில் வெற்று அறையில் அமர்ந்து வகுப்பை நிறைவு செய்தார் என்பர். கேட்போர் எண்ணிக்கைக்காக அல்ல, ஏற்ற கடமைக்காகவே அவர் உழைத்தார். 1906-இல் மடம் இயங்கிவந்த ஐஸ் ஹவுஸ் கட்டிடம் ஏலத்திற்கு வந்தபோதும் அவர் கலங்கவில்லை. கிடைத்த சிறு இடத்தில் பணி தொடர்ந்தது. 1907-இல் மயிலாப்பூரில் மடத்திற்கெனச் சொந்தக் கட்டிடம் எழுந்தது.

கோயம்புத்தூரில் பிளேக் நோய் ஒரு குடும்பத்தின் பெரியவர்களைக் கொண்டுபோயிற்று. சிறுவர்கள் ஆதரவற்று நின்றனர். செய்தி அறிந்த சுவாமிகளின் உள்ளம் உருகியது. 1905-ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஒரு சிறிய வாடகை வீட்டில், ஏழு சிறுவர்களுடன் மாணவர் இல்லம் தொடங்கியது. தம் வயிற்றுக்கே அடுத்த வேளை நிச்சயமில்லாத துறவி, பிறர் பிள்ளைகளின் பசியையும் படிப்பையும் ஏற்றுக்கொண்டார்!

இவ்வில்லத்தை நடத்தும் பொறுப்பை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை என்பதே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி. தம்மிடம் பயின்ற இளம் அன்பர்களான ராமசுவாமி ஐயங்கார், ராமானுஜாச்சாரியார் ஆகியோரிடம் அதை ஒப்படைத்தார், நம்பினார், வழிகாட்டினார். அவர்களோ அதைத் தங்கள் வாழ்நாள் பணியாக்கினர். இல்லத்து மாணவர்களும் அன்றாட வேலைகளைப் பகிர்ந்து செய்யப் பழகினர். கூட்டுவதும் தோட்டம் பேணுவதும் படிப்புக்குத் தடையாக அல்ல, படிப்பின் பகுதியாகவே அங்குக் கருதப்பட்டன. 1921-இல் சுவாமி பிரம்மானந்தர் இல்லத்தின் புதிய கட்டிடத்தைத் திறந்துவைத்தார். பின்னர் அங்கே உறைவிட உயர்நிலைப் பள்ளியும் தொழிற்கல்வியும் வளர்ந்தன.

அதைக் காண சுவாமிகள் இல்லை. ஓய்வறியாத உழைப்பு உடலை உருக்கியது. காசநோயுற்ற அவர் 1911 ஆகஸ்ட் 21 அன்று, 48-ஆம் வயதில், கல்கத்தாவில் மகாசமாதி எய்தினார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அன்னை ஸ்ரீசாரதாதேவியாரைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அழைத்துவந்து மனநிறைவு பெற்றிருந்தார். தோற்றுவித்தவர் மறைந்தபின்னும் இல்லம் தளராமல் வளர்ந்ததே, அவர் மனிதர்களை உருவாக்கினார் என்பதற்குச் சான்று.

இன்று தலைமைப் பண்பு என்றதும் மேடைப் பேச்சும் வகுப்புத் தலைவர் பட்டையும் நினைவுக்கு வருகின்றன. சுவாமிகளின் வாழ்க்கை வேறொரு பாதையைக் காட்டுகிறது. மர்பி டவுனில் வாழும் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன், தன் தெருவில் பின்தங்கிய சிறுவன் ஒருவனுக்கு நாள்தோறும் கணக்குச் சொல்லித் தரலாம். யாரும் பாராட்டாத நாளிலும் அதை நிறுத்தாதிருக்கலாம். பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது, உண்மையான ஒரு பொறுப்பை அவனிடம் ஒப்படைத்து, அவனை நம்புவதே. பிறருக்காகச் சுமக்கப் பழகிய தோள்களிலேயே தலைமை வந்து அமர்கிறது.