மார்ஷா பி. ஜான்சன்: எய்ட்ஸ் காலத்து நியூயார்க்கில் தெருவோரத் திருநங்கைகளுக்குக் கூரை தேடியவர்

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இருக்கும் கிறிஸ்டோபர் தெரு, ஹட்சன் ஆற்றங்கரையில் போய் முடிகிறது. 1992 ஜூலை 6 அன்று, அங்குள்ள படகுத்துறைக்கு அருகே ஆற்றிலிருந்து ஓர் உடல் எடுக்கப்பட்டது. இறந்தவருக்கு வயது 46. அந்தத் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. போலீஸ் பெரிதாக விசாரிக்கவில்லை. தற்கொலை என்று எழுதியாயிற்று, அவ்வளவுதான்.

அவர் மார்ஷா பி. ஜான்சன். ஜூன் மாதம் வந்தால் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் சுற்றும், பார்த்திருப்பீர்கள். தலை நிறையப் பூ வைத்துச் சிரிக்கும் கறுப்பினத் திருநங்கை. ஸ்டோன்வால் கலவரத்தின் முதல் கல்லை வீசியவர் என்று கீழே ஒரு வரியும் இருக்கும். அந்த வரி தப்பு. அவர் செய்த பெரிய வேலையும் அது இல்லை.

இன்று எச்ஐவி திட்ட அறிக்கைகளில் 'சமூகம் சார்ந்த தடுப்பும் பராமரிப்பும்' என்று எழுதுகிறார்களே, அதன் அடிப்படையை மார்ஷா கையில் காசில்லாமலே செய்து பார்த்தார். அதுவும் எச்ஐவி என்ற பெயரே யாருக்கும் தெரியாத காலத்தில்.

15 டாலரும் ஒரு பை துணியும்

1945 ஆகஸ்ட் 24 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரில் பிறந்தார். அப்பா ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் தொழிலாளி. அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். ஏழு பிள்ளைகளில் மார்ஷா ஐந்தாவது. ஐந்து வயதிலேயே கவுன் போட ஆரம்பித்தார். தெருப் பையன்களின் தொல்லை தாங்காமல் நிறுத்திவிட்டார். 1963-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் 15 டாலரையும் ஒரு பை துணியையும் எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார்.

ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். பிழைப்பு பெரும்பாலும் பாலியல் தொழிலில்தான் ஓடியது. நூறு தடவைக்கு மேல் கைதானதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். தங்க இடம் கிடையாது. மேன்ஹாட்டன் பூச்சந்தையில் பூக்களைத் தரம்பிரிக்கும் மேசைகளுக்கு அடியில் படுத்துக்கொள்வார். மிச்சமாகும் பூக்கள் அவர் தலைக்கு வரும். புகைப்படங்களில் நாம் ரசிக்கும் அந்தப் பூக்கிரீடத்துக்குப் பின்னால் இருந்தது, வீடில்லாத ஒருவரின் ராத்திரிப் படுக்கை.

பெயரில் வரும் ஜான்சன், ஹோவர்ட் ஜான்சன்ஸ் என்ற உணவகத்திலிருந்து எடுத்துக்கொண்டது. 'பி' என்பதற்கு, கண்டுக்காதே என்று அர்த்தம் வரும் ஆங்கிலத் தொடரை விளக்கமாகச் சொல்வார். நீ ஆணா, பெண்ணா என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். டிரான்ஸ்ஜெண்டர் என்ற சொல் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. தன்னை டிராக் குயின் என்றோ டிரான்ஸ்வெஸ்டைட் என்றோதான் அவர் சொல்லிக்கொண்டார். திருநங்கை என்பது இன்றைய வாசகருக்காக நாம் வைக்கும் சொல்.

சரி, ஸ்டோன்வால்? 1969 ஜூன் 28 அதிகாலை, ஸ்டோன்வால் இன் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை நடந்தது, கூட்டம் திருப்பி அடித்தது. தான் போய்ச் சேர்ந்தபோது கலவரம் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது என்று மார்ஷாவே பின்னாளில் ஒரு பேட்டியில் தெளிவாகச் சொன்னார். அவர் மறுத்த பெருமையை நாம் ஏன் அவர் தலையில் கட்ட வேண்டும்?

லாரிக்குள் ஒரு வீடு

1970-ல் மார்ஷாவும் தோழி சில்வியா ரிவேராவும் சேர்ந்து ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சில்வியாவுக்கு அப்போது 19 வயதுதான். வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தெருவில் உடலை விற்றுப் பிழைக்கும் திருநங்கைப் பிள்ளைகளுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

முதல் 'வீடு' ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த லாரியின் பின்பெட்டி. இருபது பிள்ளைகள் வரை அதில் தூங்கினார்கள். ஒருநாள் இருவரும் சாப்பாட்டுச் சாமான் வாங்கித் திரும்பி வந்தால், உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க லாரி கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறது! கேட்பாரற்ற லாரி இல்லை, யாரோ ஓட்டுகிற லாரிதான்.

அப்புறம்தான் ஈஸ்ட் செகண்ட் ஸ்ட்ரீட்டில் 213-ம் எண் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். ஸ்டார் ஹவுஸ். சூடேற்றும் வசதிகூட ஒழுங்காக இல்லாத இடிந்த கட்டடம். வாடகையை மார்ஷாவும் சில்வியாவும் தெருவில் நின்று சம்பாதித்தார்கள். பிள்ளைகள் தெருவுக்குப் போகக் கூடாது என்பதற்காகத் தாங்கள் போனார்கள். 1971-ல் வாடகை பாக்கியால் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஓராண்டுகூட முழுதாக நிலைக்காத வீடு அது.

இங்கே ஒரு தகவலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைரஸின் மரபணுவை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, எச்ஐவி நியூயார்க்குக்குள் நுழைந்தது 1970 வாக்கில் என்று கணித்தது. அதாவது, ஸ்டார் ஹவுஸ் பிறந்த காலத்தில்தான் வைரஸும் ஊருக்குள் வந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது.

கூரைக்கும் எச்ஐவிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாத பதினேழு வயதுப் பிள்ளை, ஆணுறை போட்டால்தான் ஆச்சு என்று வாடிக்கையாளரிடம் அடம்பிடிக்க முடியாது. ஹார்மோன் ஊசிக்கு டாக்டர் கதவைத் திறக்காவிட்டால் தெருவில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே ஒரே ஊசி பல கை மாறும். மருந்து வந்த பிறகும் இதே கதைதான். 1987-ல் அனுமதி பெற்ற முதல் எய்ட்ஸ் மருந்தான ஏஇசட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுந்து விழுங்க வேண்டும். படகுத்துறையில் படுத்திருப்பவருக்கு அது நடக்கிற காரியமா?

1981-ல் எய்ட்ஸ் வெளியே தெரிந்தபோது, அரசை நம்பிப் பயனில்லை என்று கிரீனிச் வில்லேஜ் ஆட்கள் தாங்களே இறங்கினார்கள். 1982-ல் ஜிஎம்ஹெச்சி என்ற அமைப்பு பிறந்தது. உதவி எண்ணோடு, நோயாளி வீட்டுக்கே போய்ச் சமைத்துக் கொடுத்துத் துணையிருக்கும் தொண்டர்களையும் அது ஏற்பாடு செய்தது. 1984-ல் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் தனி வார்டு திறந்தது. நல்ல வேலைகள்தான். ஆனால் வீட்டுக்கு வந்து உதவ வேண்டுமென்றால் முதலில் வீடு என்று ஒன்று இருக்க வேண்டும், இல்லையா? தெருவோரத் திருநங்கைகள் கணக்கிலேயே வரவில்லை. அரசின் நோய்ப் புள்ளிவிவரத்தில் நெடுங்காலம் அவர்களை ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்ற வரிசையில்தான் சேர்த்து எண்ணினார்கள்.

மார்ஷாவுக்கு அப்போது ஓரளவு நல்ல காலம். 1980-ல் ஒரு கடுங்குளிர் இரவில் ஆற்றுக்கு அக்கரையில், ஹோபோக்கனில் வசித்த செயற்பாட்டாளர் ராண்டி விக்கர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். ஒரு ராத்திரிக்கு வந்தவர் கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். விக்கரின் துணைவருக்கு எய்ட்ஸ் வந்தபோது, படுக்கை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் மார்ஷாதான். 1990-ல் அந்தத் துணைவர் இறந்தார். சாப்பாட்டுத் தட்டை மருத்துவமனை அறை வாசலிலேயே ஊழியர்கள் வைத்துவிட்டு ஓடிய காலம் அது. தொடுவதற்கே ஊர் பயந்தது.

மருந்து விலைக்கு எதிராகவும் அரசின் மெத்தனத்துக்கு எதிராகவும் 1987-ல் உருவான ஆக்ட் அப் இயக்கத்தின் போராட்டங்களிலும் மார்ஷா இருந்தார். அஞ்சலிக் கூட்டங்களுக்குப் போனார். நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் மேடையேறினார். எல்லாமே புன்னகையும் பூவும்தான் என்று நினைக்க வேண்டாம். 1970-லிருந்தே மனநலப் பாதிப்பால் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில நாள்களில் அவரை நெருங்கவே முடியாது என்று நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கையிலிருக்கும் கடைசிக் காசையும் போட்டிருக்கும் கோட்டையும் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்பதையும் அதே நண்பர்கள்தான் சொல்கிறார்கள்.

1992 ஜூன் 26 அன்று ஒரு பேட்டியில், தனக்கும் எச்ஐவி இருப்பதாகவும் அது தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். எய்ட்ஸ் வந்தவர்களை விட்டு விலகாமல், முடிந்தவரை கிட்டப் போய் உதவ வேண்டும் என்பதும் அதில் உண்டு. பத்தாவது நாள் உடல் ஆற்றில் கிடைத்தது. எச்ஐவியோடு நீண்டநாள் வாழ வழிசெய்த கூட்டு மருந்துச் சிகிச்சை வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. மார்ஷா அந்த நோயால் சாகவில்லை. எதனால் செத்தார் என்பதுதான் இன்றுவரை கேள்வி. தற்கொலை செய்துகொள்ளும் ஆள் இல்லை என்று நண்பர்கள் விடாமல் சொன்னதில், 2002-ல் மரணக் காரணம் 'தீர்மானிக்கப்படவில்லை' என்று மாற்றப்பட்டது. 2012-ல் போலீஸ் வழக்கை மறுபடி திறந்தது.

தோழி போன பிறகு

ஸ்டார் ஹவுஸ் மூடியதோடு அந்த யோசனை சாகவில்லை. ஆக்ட் அப்பின் வீட்டுவசதிக் குழுவில் இருந்தவர்கள் 1990-ல் ஹவுசிங் வொர்க்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீடில்லாத எச்ஐவி நோயாளிகளுக்கு வீடு கொடுப்பதே சிகிச்சையின் முதல் படி என்பது அவர்கள் வாதம். மாநகராட்சி மெல்லத்தான் அசைந்தது. எய்ட்ஸ் முற்றியவர்களுக்கோ அறிகுறி தெரிந்தவர்களுக்கோ மட்டும்தான் வாடகை உதவி என்ற நிலை 2016 வரை நீடித்தது. உடம்பு கெட்டால்தான் வீடு! அந்த ஆண்டுதான் எச்ஐவி உள்ள ஏழைகள் எல்லோருக்கும் என்று விதி மாறியது.

சில்வியா சில காலம் அதே படகுத்துறையில் வீடில்லாமல் கிடந்தார். 2002-ல் இறந்தார். அவர் பெயரில் வீடற்ற இளைஞர்களுக்கு ஒரு தங்குமிடத்தை நியூயார்க் தேவாலயம் ஒன்று நடத்தியது.

2019-20-ல் நியூயார்க் உட்பட ஏழு அமெரிக்க நகரங்களில் திருநங்கைகளிடம் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வு நடத்தியது. பரிசோதித்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு எச்ஐவி. கறுப்பினத் திருநங்கைகளை மட்டும் எடுத்தால் 62 சதவீதம். கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ 42 சதவீதம் பேர் முந்தைய 12 மாதங்களில் வீடில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

மார்ஷாவின் 75-வது பிறந்தநாளில், 2020-ல், புரூக்ளின் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்கு நியூயார்க் மாநில அரசு அவர் பெயரைச் சூட்டியது. அடுத்த ஆண்டு அங்கே கான்கிரீட் தரை முழுக்கப் பிளாஸ்டிக் பூச்சில் வண்ண ஓவியம் வரையப் போவதாக அறிவித்தது. மார்ஷாவின் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் கொதித்துவிட்டார்கள். அவருக்கு நிஜப் பூ வேண்டும் என்றார்கள். அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.