கவியரசரின் சித்திர ஏடு

வங்கக் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் 1861-ஆம் ஆண்டில் கல்கத்தா நகரத்து ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். 1913-இல் அவர் இலக்கியத்திற்குரிய நோபல் பரிசு பெற்றதை மாணவர் அனைவரும் அறிவர். ஆனால், கவிதை எழுதச் சிறிதும் தயங்காத அவர் கை, சித்திரம் வரைய நெடுங்காலம் கூசியது.

தமையனார் ஜோதிரீந்திரநாதர், எதிரில் அமர்ந்தோர் உருவைப் பென்சிலால் அழகுறத் தீட்டுவார். உறவினராகிய அவனீந்திரநாதரோ நாடு போற்றும் ஓவியராக உயர்ந்து வந்தார். வீட்டிலேயே இத்தகையோர் இருக்கும்போது கோலெடுக்கக் கூசுதல் இயல்பன்றோ?

1900-ஆம் ஆண்டில் தாகூர் ஒரு சித்திர ஏட்டை எடுத்து அமர்ந்தார். அச்செய்தியை நண்பரும் விஞ்ஞானியுமாகிய ஜகதீச சந்திர போஸுக்கு வேடிக்கையாக எழுதினார். அப்படங்கள் பாரிஸ் நகரக் கண்காட்சிக்கு உரியன அல்ல என்றும், தம் கையில் பென்சிலைவிட ரப்பரே மிகுதியாக உழைக்கிறது என்றும் தெரிவித்தார். இட்ட கோட்டையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தால் ஏடு எவ்வாறு நிரம்பும்? அம்முயற்சி அப்போது வளரவில்லை.

பின்னாளில் அக்கூச்சம் நீங்கிய வழி வியப்புக்குரியது. கவிதை எழுதுங்கால் வேண்டாத சொற்களை அவர் அடித்துவிடுவார். அவ்வாறு அடித்த இடங்கள் தாளில் அலங்கோலமாகக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. ஆதலால் அவற்றைக் கோடுகளால் ஒன்றோடொன்று இணைத்தார். ஓரிடத்தில் பறவையின் அலகு தோன்றியது. மற்றோரிடத்தில் பெயரறியா விலங்கொன்று தலைநீட்டியது. வெற்றுத்தாள்தான் மனிதனை மிரட்டும். முன்னமே கறைபட்ட தாளில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? படம் வரைகிறோம் என்னும் நினைவே இன்றி அவர் கை பழகிவிட்டது.

1924-இல் பெரு நாட்டிற்குப் புறப்பட்ட தாகூர், வழியில் நோயுற்று அர்ஜென்டினாவில் தங்கினார். அங்கே அவரைப் பேணிய எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அம்மையார், கவிதை ஏட்டில் இருந்த அவ்வுருவங்களைக் கண்டு வியந்தார். 1928-ஆம் ஆண்டளவில், 67-ஆம் வயதில், தாகூர் தனித்தாள்களில் முனைந்து வரையத் தொடங்கினார். அவர் ஓவியம் முறையாகப் பயின்றவரல்லர். எழுதும் மையே அவருக்கு வண்ணமாயிற்று. விரலும் கந்தைத் துணியும் தூரிகையாயின. 1941-இல் மறைவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட படங்களைத் தீட்டினார்.

அவற்றின் முதற் கண்காட்சி 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒகாம்போ அம்மையாரின் முயற்சியால், அதே பாரிஸ் நகரில் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே பெர்லின், மாஸ்கோ முதலிய நகரத்தாரும் அவருடைய படங்களைக் கண்டனர். அவற்றிற்குப் பெயர் சூட்டத் தாகூர் விரும்பவில்லை. காண்போர் தாமே உணர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.