கோள்களின் பிறப்பை நாடிய அறிஞர்

பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவு சென்றறியாதவர். ஆயினும், கதிரவனும் கோள்களும் பிறந்த வரலாற்றைத் தம் எண்ணத்தால் எட்டிப்பிடிக்க முயன்றவர். அவர்தாம் செருமானிய மெய்யியல் அறிஞர் இம்மானுவேல் காண்ட்.

இளமையும் கல்வியும்

காண்ட், 1724ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை குதிரைகளுக்கு வாரும் சேணமும் செய்யும் எளிய தொழிலாளி. தாய் மகனை ஊர்ப்புறத்திற்கு அழைத்துச் சென்று செடிகொடிகளையும் வானத்தையும் காட்டித் தமக்குத் தெரிந்தவற்றை விளக்குவார். அந்தத் தாயைக் காண்ட் தமது பதின்மூன்றாம் வயதில் இழந்தார். அவர் ஊன்றிய வியப்போ இறுதிவரை மறையவில்லை.

பதினாறாம் வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காண்டுக்கு, ஆசிரியர் மார்ட்டின் குனூட்சன் நியூட்டனின் நூல்களைப் படிக்கக் கொடுத்தார். 1746இல் தந்தையும் மறையவே, வறுமை சூழ்ந்தது. பட்டம் பெறாமலே வெளியேறிய காண்ட், செல்வர் இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

விடை தேடிய வினா

கோள்கள் அனைத்தும் கதிரவனை ஒரே திசையில் சுற்றுகின்றன. அவற்றின் பாதைகளும் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைந்துள்ளன. இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? கோள்களின் இயக்கத்தை ஈர்ப்பு விதியால் விளக்கிய நியூட்டன், அவற்றின் தொடக்க அமைப்பை இறைவனின் நேரடிச் செயலாகவே கருதினார். காண்ட் அவ்வாறு நின்றுவிடவில்லை. இயற்கை விதிகளே இவ்வொழுங்கைப் படைக்க வல்லவை. அவ்விதிகளில்தான் இறைவனின் பேரறிவு விளங்குகிறது என்பது அவர் துணிபு.

தொடக்கத்தில் பருப்பொருள் நுண்துகள்களாக வெளியெங்கும் பரவிக் கிடந்தது. அடர்ந்த துகள்கள் மற்றவற்றை ஈர்த்தன. நடுவில் திரண்ட பெருந்திரள் கதிரவனாயிற்று. எஞ்சியவை அதனைச் சுற்றித் தட்டையான வட்டாக அமைந்து, ஆங்காங்கே திரண்டு கோள்களாயின. இதுவே காண்ட் கண்ட விளக்கம்.

பூட்டப்பட்ட நூல்

இக்கருத்துகளை 1755இல் நூலாக்கினார். சமயவாதிகளின் எதிர்ப்பு எழக்கூடும் என்பதால் தம் பெயரை அதில் இடவில்லை. மன்னர் இரண்டாம் பிரெடரிக்குக்கு நூலைக் காணிக்கையாக்கினார். ஆனால், அச்சிட்ட பதிப்பாளர் கடனில் மூழ்கி நொடித்துப்போனார். அவருடைய கிடங்கு பூட்டி முத்திரையிடப்பட்டது. பேரண்டத்தின் பிறப்பைப் பேசிய நூலின் படிகள் உள்ளேயே முடங்கின. மிகச் சிலரே அதனைப் படித்தனர்.

காண்ட் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் பட்டம் பெற்று, மாணவர் தரும் கட்டணத்தையே ஊதியமாகக் கொண்டு பதினைந்து ஆண்டுகள் கற்பித்தார். 1763இல் வெளியிட்ட மற்றொரு நூலில் தம் கோட்பாட்டைச் சுருக்கித் தந்தார். 1770இல்தான் பேராசிரியர் பதவி கிட்டியது. 1781இல் வெளிவந்த தூய அறிவின் திறனாய்வு அவரை உலகறியச் செய்தது.

காலத்தின் தீர்ப்பு

காண்டின் நூலை அறியாமலே, பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1796இல் இதையொத்த கருத்தை வெளியிட்டார். பிற்காலத்தார் இருவர் பெயரையும் இணைத்து அதனைக் காண்ட்-லாப்லாஸ் நெபுலா கருதுகோள் என்றனர்.

காண்ட் கூறிய அனைத்தும் சரியல்ல. அசைவற்ற துகள்களின் மோதலிலிருந்தே ஒரே திசைச் சுழற்சி தோன்றும் என்று அவர் எண்ணியது பிழை. முகிலுக்குத் தொடக்கத்திலேயே சிறிதளவு சுழற்சி இருந்திருக்க வேண்டும். ஆயினும், சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசியும் கலந்த முகில் சுருங்கி, சுழலும் வட்டாகிக் கோள்களைத் தந்தது என்னும் இன்றைய அறிவியலின் அடிப்படை, அவர் காட்டிய வழியிலேயே அமைந்துள்ளது.

1804 பிப்ரவரி 12ஆம் நாள் காண்ட் மறைந்தார். 2014இல், சிலி நாட்டிலுள்ள ஆல்மா தொலைநோக்கி, சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்.எல்.டாரி என்னும் இளம் விண்மீனைப் படம்பிடித்தது. அதனைச் சுற்றி ஒளிவளையங்களும் அவற்றிடையே இருண்ட இடைவெளிகளும் கொண்ட தூசி வட்டு தெளிவாகத் தெரிந்தது. தொலைநோக்கியின் துணையின்றிக் காண்ட் மனத்தில் வரைந்த வட்டு, இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் மாந்தர் கண்முன் தோன்றியது. நூலைப் பூட்டி வைக்கலாம். அது எழுப்பிய வினாவைப் பூட்டி வைக்க இயலாது.