குப்பையில் கலை கண்டவர்

உபயோகித்த டிராம் டிக்கெட், கிழிந்த உறை, கம்பித் துண்டு: தெருவில் கிடந்த இவற்றைப் பொறுக்கிப் படம் செய்தவர் குர்ட் ஷ்விட்டர்ஸ். 1887-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர். முறையாக ஓவியம் பயின்றவர். முதல் உலகப் போரின்போது ஓர் இரும்பாலையில் வரைபட வேலை பார்த்தார்.

1918-ல் ஜெர்மனி தோற்றது. நாடே நொறுங்கிக் கிடக்கையில் பழையபடி அழகு தீட்ட அவருக்கு மனம் வரவில்லை. நொறுங்கியவற்றையே எடுத்து ஒட்டினார், ஆணி அடித்தார். வெட்டுப்பட்ட ஒரு விளம்பரத் தாளில் வணிகத்தைக் குறிக்கும் 'கொமெர்ஸ்' என்ற சொல்லின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த 'மெர்ஸ்' அவர் கலைக்குப் பெயராயிற்று. பணம் மதிப்பிழந்து வந்த நாட்டில் வணிகத்துக்குப் பாதிப் பெயர் போதாதா!

ஹிட்லர் ஆட்சி இதைச் சகிக்குமா? 1937-ல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று ஏளனம் செய்ய நடத்திய கண்காட்சியில் அவர் படங்களும் தொங்கின. அதற்குள் அவர் நார்வே போய்விட்டார். மனைவி ஹெல்மா ஹனோவரிலேயே தங்கினார். 1940-ல் ஜெர்மன் படை நார்வேயிலும் நுழையவே, பிரிட்டனுக்குத் தப்பினார். ஹிட்லருக்குத் தப்பி வந்தவரையே எதிரி நாட்டவர் என்று மான் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கே மீந்த கஞ்சியில் சிலை செய்தார். அது பூசணம் பூத்தது.

1943 குண்டுவீச்சில் ஹனோவர் வீடும், அதற்குள் ஆண்டுக்கணக்கில் அவர் எழுப்பிய சிற்பக் கட்டுமானமும் அழிந்தன. மறு ஆண்டு ஹெல்மா இறந்தார்.

1948 ஜனவரி 7-ஆம் தேதி பிரிட்டிஷ் குடியுரிமைக் கடிதம் வந்து சேர்ந்தது. மறுநாள் ஷ்விட்டர்ஸ் காலமானார்.